ஊசிக்குப் பின்னால் வருகிறவர்கள்

நோய்த்தொற்றுத் தடுப்புச் செவிலியர் ஒருவரின் குறிப்பேட்டிலிருந்து

*

ஊசி போடும் நேரத்தில் செவிலியர் தன் கையில் குத்திக்கொள்வது குறைவு. அப்போது கண்ணும் கையும் ஊசியின் மேல்தான் இருக்கும். குத்துவது பெரும்பாலும் அதற்குப் பிறகு. மருந்து உள்ளே போய், பஞ்சை வைத்து அழுத்தி, "அவ்வளவுதாம்மா, முடிஞ்சிடுச்சு" என்று சொன்ன பிறகு. மூடியைத் திரும்ப மாட்டும்போது குத்தும். கிட்னி டிரேயில் பஞ்சுக்கு அடியில் கிடப்பதைச் சேர்த்து அள்ளும்போது குத்தும். நிரம்பிய டப்பாவுக்குள் இன்னொன்றைத் திணிக்கும்போது குத்தும். ஊசி போட்டவர் டூட்டி முடிந்து பஸ் ஏறிய பிறகும் குத்தும்: படுக்கை விரிப்பை உருவுகிற ஆயாவுக்கு, குப்பைப் பையைத் தூக்குகிறவருக்கு, சலவைக்கூடத்தில் துணி பிரிக்கிறவருக்கு.

நோயாளிக்கு அந்த ஊசியால் பயன் உண்டு. போட்டவருக்கு அது வேலை. பின்னால் வருகிறவருக்கு அதோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. யாருக்குப் போட்டது, அவருக்கு என்ன நோய் என்பதும் தெரியாது. இந்தக் குறிப்புகள் முக்கியமாக அவரை நினைத்து எழுதியவை.

*

வார்டு சுற்றும்போது ஊசி கிடந்த இடங்களைக் குறித்து வருகிறேன். தலையணை உறைக்குள். மெத்தைக்கும் கட்டில் சட்டத்துக்கும் இடையில். ஓ.டி.யிலிருந்து சலவைக்குக் கிளம்பிய பச்சைத் துணியின் மடிப்பில், நூலோடு ஒரு தையல் ஊசி. நோயாளிகளின் கழிப்பறை ஜன்னல் திட்டில் இன்சுலின் ஊசி. சாப்பாட்டுக் குப்பை போடும் பையில் சர்க்கரை பார்த்த லான்செட். எல்லாமே "அப்புறம் எடுத்துப் போடலாம்" என்று யாரோ வைத்தவைதான். அந்த அப்புறம் வருவதற்குள் ஷிஃப்ட் மாறிவிடுகிறது.

இதைப் பார்த்ததும் "பொறுப்பே இல்லை" என்று திட்டத் தோன்றும். திட்டுவதற்கு முன் ஊசி போடும் டப்பா எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நர்ஸிங் ஸ்டேஷனில் ஒரே ஒரு டப்பா, கடைசிக் கட்டில் வார்டின் மறுமுனையில் என்றால், திறந்த ஊசியோடு அத்தனை தூரம் நடக்க யாருக்கும் மனம் வராது. மூடியைத் திரும்ப மாட்டத்தான் கை போகும். டிரேயோடு சேர்த்து ஒரு சின்ன டப்பா கையெட்டும் தூரத்துக்கே போனால் அந்தப் பழக்கம் தானாகவே குறைகிறது. போட்ட கையே அங்கேயே, அப்போதே ஊசியை டப்பாவில் சேர்த்துவிட வேண்டும். பின்னால் வருகிறவரின் பாதுகாப்பில் பாதி இந்த ஒன்றில் அடங்கிவிடும்.

*

முப்பது, மூன்று, புள்ளி மூன்று. இந்த மூன்று எண்களைத்தான் வகுப்பில் முதலில் எழுதிப்போடுகிறேன்.

நோய் உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்ற 100-க்கு 30 வரை வாய்ப்பு உண்டு. ஹெபடைடிஸ் சி என்றால் 100-க்கு ஏறத்தாழ 3. எச்.ஐ.வி. என்றால் 1,000-க்கு 3. ஆனால் எதைக் கண்டு அதிகம் பயம் என்று கேட்டால் எல்லோரும் எச்.ஐ.வி. என்றுதான் சொல்கிறார்கள். ஹெபடைடிஸ் பி என்ற பெயரையே கேள்விப்படாதவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். அதிகம் தொற்றக்கூடியதும் அதுதான், தடுப்பூசி உள்ளதும் அதுதான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்தில் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். மேசை விளிம்பில் பழுப்பாகக் காய்ந்து ஒட்டியிருக்கும் பொட்டைப் "பழைய கறைதானே" என்று நகத்தால் சுரண்டுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ரத்தம் காய்ந்துவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று யாரும் நம்பக் கூடாது.

*

"சிஸ்டர், லேசாத்தான் குத்துச்சு. ஒண்ணும் ஆவாது."

"எங்கக்கா, காட்டுங்க. ரத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு. வாயில வெச்சு உறிஞ்சித் துப்பிட்டேன்."

குத்திய விரலை வாயில் வைப்பது சின்ன வயதிலிருந்து வருகிற பழக்கம். ரத்தம் சம்பந்தப்பட்ட வேலையில் அதைவிடத் தவறான முதலுதவி கிடையாது. அழுத்திப் பிதுக்குவதும் வேண்டாம், ஸ்பிரிட் ஊற்றித் தேய்ப்பதும் வேண்டாம், ஹைப்போ என்ற கிருமிநாசினியில் விரலை முக்குவதும் வேண்டாம். குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். கண்ணில் தெறித்திருந்தால் நல்ல தண்ணீரையோ சலைனையோ விட்டு நிறையக் கழுவ வேண்டும். வாயில் பட்டிருந்தால் துப்பிவிட்டுப் பல தடவை கொப்பளிக்க வேண்டும்.

அதன் பிறகு உடனே சொல்ல வேண்டும். சாயங்காலம் வரை காத்திருக்கக் கூடாது. அந்த அக்கா என்னிடம் வந்து சொன்னது பெரிய விஷயம். சொல்லாமல் முந்தானையில் விரலைச் சுற்றிக்கொண்டு அடுத்த வார்டைக் கூட்டப் போகிறவர்கள்தான் நிறையப் பேர்.

*

எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரைக்குக் கடிகாரம் உண்டு. குத்திய 2 மணி நேரத்துக்குள் முதல் மாத்திரை உள்ளே போவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. ஆரம்பித்தால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். குத்தியவுடனே எடுக்கும் ரத்தப் பரிசோதனை, "குத்துப்படும் முன் இவருக்குத் தொற்று இல்லை" என்பதற்குச் சான்று. பின்னால் இழப்பீடு என்று பேச்சு வந்தால் அந்தத் தாள்தான் அவரைக் காப்பாற்றும். அதற்குப் பிறகும் குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதனைகள் தொடரும்.

ஊசி ராத்திரியிலும் குத்தும். எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையம் சாயங்காலமே மூடிவிடும். ஆகவே முதல் சில நாளுக்கான மாத்திரை கேஷுவல்டியில், டூட்டி டாக்டர் கைக்கு எட்டும் அலமாரியில் இருக்க வேண்டும். அந்த அலமாரிச் சாவி யாரிடம் என்று ராத்திரி டூட்டியில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்திருக்கவும் வேண்டும். நான் வேலை செய்த ஓர் இடத்தில் மாத்திரை இருந்தது, விதிமுறையைச் சட்டம் போட்டுச் சுவரிலும் மாட்டியிருந்தார்கள். சாவி மட்டும் லீவில் போன ஃபார்மசிஸ்ட் வீட்டில் இருந்தது. குத்துப்பட்ட பெண் விடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

*

வியன்னா, 1847. யாக்கோப் கோலெட்ச்கா என்ற பேராசிரியர் பிணப் பரிசோதனை செய்துகொண்டிருந்தபோது மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலில் பட்டது. சில நாளில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். அவருடைய நண்பரும் பிரசவ வார்டு மருத்துவருமான இக்னாஸ் செம்மல்வைஸ் அவருடைய பிணப் பரிசோதனை அறிக்கையைப் படித்தார். பிரசவ வார்டில் தாய்மார்களைக் கொல்லும் காய்ச்சலில் உடம்புக்குள் என்னென்ன மாற்றங்கள் தெரியுமோ, அதே மாற்றங்கள் நண்பரின் உடம்பிலும் இருந்தன. பிணவறையிலிருந்து பிரசவ வார்டுக்கு வரும் டாக்டர்களின் கையில்தான் ஏதோ வருகிறது என்று அவர் முடிவுக்கு வந்தது அப்போதுதான். குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் எல்லோரும் கை கழுவ வேண்டும் என்று உத்தரவு போட்டார். நாம் பிளீச்சிங் பவுடர் என்று சொல்வது அந்தச் சரக்கைத்தான்.

கை கழுவுவது நோயாளியைக் காப்பதற்கு என்று பாடத்தில் படித்தோம். அந்த அறிவுக்கு வழி திறந்தது, வேலை செய்த இடத்தில் கத்தி பட்ட ஒருவரின் சாவு. தொழிலாளிக்கு ஆபத்தானது நோயாளிக்கும் ஆபத்தானதுதான். மருத்துவமனைகள் இந்த இரண்டையும் தனித்தனிக் கணக்காக எழுதுவதை நிறுத்த வேண்டும்.

பிணவறை என்றதும் நம் ஊர் நினைவும் வருகிறது. அங்கே வேலை செய்யும் கடைநிலை ஊழியரின் பெயர் எந்த அறிக்கையிலும் வராது. அவருக்கு முழங்கைவரை வரும் தடித்த கையுறையும், கண்ணாடியும், ரப்பர் பூட்ஸும், ஏப்ரனும் வேண்டும். சாதாரண ஒரு ஜோடி மெல்லிய கையுறையைக் கொடுத்துவிட்டுப் பாதுகாப்பு கொடுத்தாயிற்று என்று கணக்கெழுதுவது அநியாயம்.

*

கையுறை அறுவை அரங்குக்கு வந்ததே ஒரு செவிலியரின் கைக்காகத்தான். பால்டிமோர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை, 1889-90 குளிர்காலம். கிருமி நீக்கத்துக்குப் பாதரசம் கலந்த கரைசலில் கையை முக்க வேண்டியிருந்தது. கரோலைன் ஹாம்ப்டன் என்ற செவிலியரின் கைகள் அதில் வெந்து புண்ணாயின. அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் சொல்லி அவருக்காக மெல்லிய ரப்பர் கையுறை செய்து தரச் சொன்னார். அதனால் நோயாளிக்குத் தொற்று குறைகிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஹவுஸ் கீப்பிங் ஊழியர் கையுறை கேட்டால் "உங்களுக்கெதுக்கு?" என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுவேன். ஆனால் பரிசோதனைக் கையுறை ஊசியைத் தடுக்காது. குப்பைப் பை தூக்குகிறவருக்கு வேண்டியது கனமான ரப்பர் கையுறை. அதுவும் அவர் கை அளவுக்கு. பெண்கள் செய்கிற வேலைக்கு ஆண்கள் அளவில் வாங்கிப் போட்டால், விரல் நுனி தொளதொளவென்று தொங்கும், பிடி நழுவும், கடைசியில் கழற்றி வைத்துவிட்டு வெறுங்கையால்தான் வேலை நடக்கும்.

*

1986, மதராஸ். மருத்துவக் கல்லூரியில் முதுகலை மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் சொல்லி, இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறதா என்று தேடினார். சேகரித்த ரத்தத்தை வைக்க வசதி இல்லாமல் தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே பத்திரப்படுத்தி, பரிசோதனைக்கு வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டு போனார். இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் அப்படித்தான் தெரியவந்தன.

நாட்டுக்கு அவர் செய்தது பெரிய காரியம். ஆனால் அப்படி ஒரு வேலையை வீட்டுச் சமையலறையை நம்பிச் செய்யும்படி எந்த ஆய்வகமும் இனி யாரையும் விடக் கூடாது. ரத்தம் எடுக்கும் குழாய், அதைக் கொண்டு போகும் பெட்டி, கொண்டு போகிற ஆள், மூன்றுக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும். இன்றும் சின்ன ஊர் லேபுகளில் பைக்கின் முன்பையில் ரத்தக் குழாய்களைப் போட்டுக்கொண்டு போகும் பையன்களைப் பார்க்கிறேன். விழுந்தால் உடைகிற கண்ணாடியும், அதைப் பொறுக்கப் போகிற கையும் அவர்களுடையவைதான்.

*

கேஸ் ஷீட்டின் மேல் நோயின் பெயரைச் சிவப்பு மையில் பெரிதாக எழுதுவது. கட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டுவது. "அந்தக் கட்டிலுக்கு மட்டும் ரெண்டு கையுறை போட்டுக்கோ" என்று கிசுகிசுப்பது. இவை மூன்றும் ஒழிய வேண்டும்.

நோயாளிக்கு அது அவமானம் என்பது முதல் காரணம். அது யாரையும் காப்பாற்றாது என்பது இரண்டாவது. தொற்று ஏற்பட்ட ஆரம்பத்தில் பரிசோதனை "தொற்று இல்லை" என்றே காட்டக்கூடிய காலம் ஒன்று உண்டு. அவசரத்துக்கு வருகிறவரைப் பரிசோதித்துவிட்டா 108-இலிருந்து இறக்குகிறோம்? ஸ்டிக்கர் இல்லாத கட்டிலில் கை அசட்டையாகிவிடும், அங்கேதான் குத்தும். அதனால்தான் 1980-களிலேயே ஒரு கொள்கை வந்தது: எல்லோருடைய ரத்தத்தையும் தொற்று உள்ளதாகவே கருதி, எல்லோருக்கும் ஒரே முன்னெச்சரிக்கை. மந்திரி ரத்தமானாலும், பிறந்த குழந்தையின் ரத்தமானாலும்.

2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. நோயாளியின் நிலையை வெளியிடக் கூடாது, பாகுபாடு காட்டக் கூடாது. தொற்றும் ஆபத்துள்ள இடத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் பாதுகாப்புச் சாதனமும் பயிற்சியும் தடுப்பு மருந்தும் நிர்வாகம் கொடுக்க வேண்டும். 2018 செப்டம்பரிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. நோயாளியின் மரியாதைக்கும் ஊழியரின் பாதுகாப்புக்கும் சண்டை கிடையாது. இரண்டும் ஒரே ஏற்பாட்டில் கிடைக்கும்.

*

எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் விஷயத்தில் வியர்வை, கண்ணீர், ரத்தம் கலக்காத எச்சில், சிறுநீர் இவற்றால் பயமில்லை. ரத்தம், விந்து, பிறப்புறுப்புக் கசிவு, பிரசவ நீர், முதுகுத் தண்டு நீர், நெஞ்சிலும் வயிற்றிலும் சேரும் நீர் இவைதான் கவனிக்க வேண்டியவை. பிரசவ அறையில் பனிக்குடம் உடையும்போது முகத்துக்கு நேரே நிற்கிற செவிலியருக்குக் கண்ணாடி வேண்டும் என்பது இதனால்தான்.

எல்லா நோயும் இந்தப் பட்டியலுக்குள் அடங்காது. 2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர் லினி நிபா காய்ச்சலில் இறந்தார். அவர் பராமரித்த நோயாளிக்கு என்ன நோய் என்று அப்போது யாருக்கும் தெரியாது. நோயின் பெயர் தெரிந்த பிறகு கவசம் மாட்டலாம் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

*

கேரன் டேலி, பாஸ்டன். அவசரப் பிரிவில் இருபது ஆண்டுக்கு மேல் அனுபவம் உள்ள செவிலியர். 1998-இல் ஒரு நோயாளிக்கு ரத்தம் எடுத்தார். ஊசியைச் சுவரில் மாட்டியிருந்த டப்பாவில் போடக் கையை நீட்டினார். அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த வேறொரு ஊசி விரலில் குத்தியது. எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் தொற்றின. அவர் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தார். டப்பாதான் சரியில்லை.

அவர் மறைத்துக்கொண்டு ஒதுங்கிவிடவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பேசினார், அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். 2000 நவம்பரில் ஊசிக்குத்துத் தடுப்புச் சட்டம் கையெழுத்தானது. வேலையிடத்தில் ரத்தத் தொற்றைத் தடுக்கும் விதிகள் அங்கே 1991-லேயே வந்துவிட்டன. ஆபத்துள்ள வேலையில் சேரும் ஊழியருக்கு 10 வேலை நாளுக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை முதலாளி செலவிலேயே கொடுக்க முன்வர வேண்டும் என்பது அதில் ஒன்று. 1980-களின் தொடக்கத்தில் ஆண்டுக்குப் பல ஆயிரம் சுகாதார ஊழியர்களுக்கு அந்நாட்டில் ஹெபடைடிஸ் பி தொற்றியது. 1990-களின் நடுவில் அது சில நூறாகக் குறைந்துவிட்டது.

2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறொன்று. எந்த ஊசி, எந்த டப்பா வாங்குவது என்று முடிவெடுக்கும்போது, அதைக் கையில் பிடித்து வேலை செய்கிற, அதிகாரத்தில் இல்லாத ஊழியர்களின் கருத்தைக் கேட்டே ஆக வேண்டும். நம் ஊரில் டெண்டர் திறக்கிற அறைக்குள் ஒரு செவிலியரையோ ஆயாவையோ நான் பார்த்ததில்லை.

*

மருத்துவமனைக் கழிவுக்கு நான்கு நிறங்கள். மஞ்சளில் உடல் திசு, ரத்தம் தோய்ந்த பஞ்சு, கட்டுத்துணி. சிவப்பில் ஊசி நீக்கிய சிரிஞ்சு, டிரிப் செட், சிறுநீர்க் குழாய், கையுறை. வெள்ளை டப்பாவில் ஊசி, பிளேடு, கத்தி. நீலத்தில் கண்ணாடி மருந்துக் குப்பிகள். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் இதைத்தான் சொல்கின்றன. வெள்ளை டப்பா குத்தினால் துளைபடாததாக, கசியாததாக, ஒருமுறை மூடினால் திறக்க முடியாததாக இருக்க வேண்டும். குடித்துப் போட்ட தண்ணீர் பாட்டிலை வைத்துச் சமாளிக்கிற கிளினிக்குகள் உண்டு. அதன் சுவர் ஊசியைத் தாங்காது.

ஊசியை ஏன் வெட்டிப் போட வேண்டும் என்று புதிதாக வருகிற பெண்கள் கேட்பார்கள். குஜராத்தின் மொடாசா பகுதியில் 2009-இல் ஹெபடைடிஸ் பி பரவிப் பலர் இறந்தார்கள். ஒருவருக்குப் போட்ட ஊசியும் சிரிஞ்சும் இன்னொருவருக்குப் போனதுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. வெட்டிய சிரிஞ்சு யாருக்கும் திரும்பப் போக முடியாது.

*

தரையில் ரத்தம் சிந்தினால் ஈர மாப்பை எடுத்துக்கொண்டு ஓடுவதுதான் வழக்கம். அந்த மாப் ரத்தத்தைத் தாழ்வாரம் முழுக்க இழுத்துக்கொண்டு போகும்.

சரியான முறை மெதுவானது. யாரும் மிதிக்காதபடி முதலில் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட வேண்டும். கையுறை மாட்டிக்கொண்டு உடைந்த கண்ணாடியோ ஊசியோ கிடக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். கிடந்தால் இடுக்கியால் எடுக்க வேண்டும், விரல் போகக் கூடாது. பழைய துணியையோ காகிதத்தையோ போட்டு ரத்தத்தை மூடி, அதன் மேல் 1 சதவீத ஹைப்போவை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஊற்ற வேண்டும். நடுவிலிருந்து ஊற்றினால் பரவும், உயரத்திலிருந்து ஊற்றினால் தெறிக்கும். குறைந்தது 10 நிமிடம், நிறையச் சிந்தியிருந்தால் இன்னும் கூடுதலாக, அப்படியே விட வேண்டும். பிறகு துணியோடு அள்ளி மஞ்சள் பையில் போட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் மாப்.

வாங்கிய கேனில் 5 சதவீதம் என்று எழுதியிருந்தால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். நேற்றுக் கலந்ததில் வாசனை இருக்கலாம், வீரியம் இருக்காது. இந்தக் கணக்கை ஸ்டோர் ரூம் கதவில் படம் போட்டு ஒட்டினால், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் தப்பில்லாமல் கலக்கிறார்கள்.

*

இனி வீட்டுக்கு வருவோம். ஊசி மருத்துவமனையில் மட்டும் இல்லை.

இன்சுலின் போட்டுக்கொள்கிறவர் இல்லாத தெரு தமிழ்நாட்டில் இருக்குமா என்று தெரியவில்லை. சாப்பாட்டுக்கு முன் ஊசி போட்டுக்கொண்டு, சிரிஞ்சைக் காகிதத்தில் சுற்றிச் சமையலறைக் கூடையில் போடுகிறோம். காலையில் வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் அந்தக் கூடையைத் தன் கையால் கிளறி மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரிக்கிறார். சாம்பார் வெங்காயத் தோலுக்கு நடுவில் ஊசி இருக்கும் என்று அவர் எப்படி எதிர்பார்ப்பார்?

இன்சுலின் பேனாவின் ஊசி கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சின்னது, 4 மில்லிமீட்டர்கூட வருகிறது. அதற்கு இரண்டு முனை உண்டு. ஒன்று உடம்பில் இறங்குவது, இன்னொன்று மருந்துக் குப்பியின் ரப்பரைத் துளைக்கிற பின்முனை. கழற்றிய பிறகு வெளியே தெரிவது பின்முனை. முன்பக்கம் மூடியிருக்கிறது என்று நம்பி எடுக்கிறவர் விரலில் அதுதான் ஏறும்.

செய்ய வேண்டியது பெரிய வேலையில்லை. துணி துவைக்கும் திரவம் வருகிற கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊசி, லான்செட் எல்லாம் போட்டவுடன் நேரே அதற்குள் போகட்டும். முக்கால்வாசி நிரம்பியதும் மூடி இறுக்கி, டேப் ஒட்டி, மேலே "ஊசி" என்று பெரிதாக எழுதுங்கள். மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள். கொடுக்கும்போது வாயாலும் சொல்லுங்கள்: "அக்கா, இதுல ஊசி இருக்கு, பார்த்து." வீட்டிலிருந்து வரும் ஊசிகளை அபாயக் கழிவாகத் தனியே தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளும் சொல்லின.

நாப்கினும் டயப்பரும் அப்படித்தான். காகிதத்தில் சுற்றி அடையாளம் போட்டுத் தனியே தர வேண்டும். புனேயில் குப்பை சேகரிக்கும் பெண்கள் சேர்ந்து நடத்துகிற ஸ்வச் கூட்டுறவு, சுற்றிய பொட்டலத்தின் மேல் ஒரு சிவப்புப் பொட்டு வைக்கச் சொல்லி வீடு வீடாகக் கேட்டது. அதற்கு ஆகும் செலவு ஒரு சிவப்புப் பேனா.

*

விபத்துப் பதிவேடு. ஊசிக்குத்து நடந்தால் எழுத வேண்டியது. பல இடங்களில் மாதக்கணக்கில் காலியாகவே இருக்கும். ஆய்வுக்கு வருகிறவர்கள் "பரவாயில்லையே" என்று பாராட்டிவிட்டுப் போவார்கள்.

இத்தனை கட்டில் உள்ள மருத்துவமனையில் ஒரு குத்துக்கூட இல்லை என்றால், யாரும் சொல்லவில்லை என்று அர்த்தம். சொன்னால் மெமோ வரும், காண்டிராக்ட் சூப்பர்வைசர் "நாளைக்கு வரவேண்டாம்" என்பார், பரிசோதனைக்குச் சம்பளத்தில் பிடிப்பார்கள், வீட்டுக்காரர் சந்தேகப்படுவார். இத்தனை பயத்தோடு யார் வாய் திறப்பார்கள்? காரணம் என்ற கட்டத்தில் "கவனக்குறைவு" என்று எழுதி மூடினால் அடுத்த குத்தும் அதே இடத்தில்தான் நடக்கும். டப்பா எங்கே இருந்தது, எவ்வளவு நிரம்பியிருந்தது, அந்த ஷிஃப்டில் எத்தனை பேர் டூட்டி, வெளிச்சம் இருந்ததா, கையுறை இருந்ததா? இதையெல்லாம் எழுதினால் அடுத்ததைத் தடுக்கலாம்.

உலக அளவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 லட்சம் சுகாதாரப் பணியாளர்கள் ஊசி, பிளேடு குத்தி ரத்தத் தொற்றுக் கிருமிகளுக்கு ஆளாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அத்தனை பேருக்குமா கவனம் இல்லை?

*

பாரூக் பிளம்பர்க் 1960-களில் கண்டுபிடித்ததிலிருந்து ஹெபடைடிஸ் பி தடுப்பூசி பிறந்தது. அவருக்கு 1976-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு காலத்தில் நம்மவர்களுக்கு எட்டாத விலையில் இறக்குமதி ஆன அந்த ஊசியை 1997-இல் ஹைதராபாதின் சாந்தா பயோடெக்னிக்ஸ் மிகக் குறைந்த விலையில் செய்து கொடுத்தது. இந்தியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு நாடு முழுக்க இது இலவசமாகப் போவது 2011 வாக்கில் இருந்துதான். அதாவது இன்று மருத்துவமனையில் துடைப்பம் பிடித்திருக்கும் பெரும்பாலோருக்கு யாரும் அதைப் போட்டதில்லை.

மூன்று ஊசி: இன்று, அடுத்த மாதம், ஆறாவது மாதம். கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தம் பரிசோதித்து எதிர்ப்பு சக்தி 10-க்கு மேல் வந்ததா என்று பார்த்துவிட்டால் அந்த முப்பதைப் பற்றிய கவலை போயிற்று. மருத்துவக் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி கட்டாயம், ஆண்டுதோறும் பயிற்சியும் உடல் பரிசோதனையும் கட்டாயம் என்று 2016-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. அது நிரந்தர ஊழியர், ஒப்பந்த ஊழியர் என்று பிரிக்கவில்லை. நாம்தான் பிரிக்கிறோம். "ஆறு மாசத்துக்குள்ள போயிடுவாங்க, எதுக்குச் செலவு?" என்று கேட்கிறார்கள். ஆறு மாதத்துக்குள் ஊசி குத்தாது என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதியில்லை.

*

ஆகவே நிர்வாகத்திடம் நான் கேட்பவை, எழுத்திலேயே.

ஒப்பந்தமோ நிரந்தரமோ, சேருகிற நாளில் துடைப்பத்தைக் கொடுக்கும் முன் முதல் தடுப்பூசி. மீதி இரண்டு ஊசிக்கும் தேதி எழுதிய அட்டை அவர் கையிலேயே இருக்கட்டும். வேறு மருத்துவமனைக்கு மாறினாலும் அங்கே தொடரலாம்.

ஒவ்வொரு கட்டில் வரிசைக்கும் கையெட்டும் தூரத்தில் டப்பா. முக்கால்வாசி நிரம்பியதும் மாற்றுவதற்கு ஷிஃப்டுக்கு ஒருவருக்குப் பெயர் குறிப்பிட்டுப் பொறுப்பு.

குத்துப்பட்டதைச் சொல்கிறவருக்கு மெமோ கிடையாது, சம்பளப் பிடித்தம் கிடையாது என்று நிர்வாகம் கையெழுத்திட்ட தாள், தமிழில், உடை மாற்றும் அறைச் சுவரில்.

நோய்த்தொற்றுத் தடுப்புக் குழுக் கூட்டத்தில் தூய்மைப் பணியாளர் ஒருவர். டீ கொடுக்க வருகிறவராக இல்லாமல், உறுப்பினராக. ஊசி எங்கெங்கே கிடக்கிறது என்பது அந்த அறையில் இருக்கும் எல்லோரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அவர் சொல்வதைத்தான் முதலில் குறிப்பெடுக்க வேண்டும்.